பதினான்காம் கேள்வியின் விடைக்குறிப்பு

மே 2, வெள்ளி

நாளை முதல் விடைத்தாள் திருத்தும் வேலை. பேச்சிமுத்து நினைவுக் கல்வி அறக்கட்டளை வருடாவருடம் நடத்தும் தேர்வு. பத்தாம் வகுப்பு முடித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, பதினொன்றும் பன்னிரண்டும் விடுதியில் தங்கவைத்து நல்ல பள்ளியில் படிக்க வைக்கிறார்கள். இந்த வருடம் எழுதியவர்கள் 486 பேர். அறிவியலுக்குக் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் பதினோரு வருடமாக நான்தான் தயாரிக்கிறேன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. ஆனாலும் மே மாதம் வந்துவிட்டால் கை சிவப்பு மையைத் தேடுகிறது.

பிள்ளைகளுக்கு அறக்கட்டளை இலவசமாகக் கொடுக்கும் அறிவியல் வழிகாட்டியும் நான் எழுதியதுதான். ஆகையால் விடைத்தாள்களில் என் வாக்கியங்களே எனக்குத் திரும்பி வரும். ஒரு சொல் பிசகாமல் எழுதிய பிள்ளையைப் பார்த்தால் மனம் குளிர்ந்துவிடும். வயதானவனுக்கு இந்தச் சின்ன சுகம்கூட இல்லாமல் எப்படி.

கடைக்குப் போய் எட்டு சிவப்புப் பேனா வாங்கி வந்தேன். பிரமு எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டு பேனாவா? ஊரையே திருத்தப் போறீங்களோ?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என்னைக் கிண்டல் செய்வதற்கு மட்டும் அவளுக்கு அலுக்கவில்லை.

மே 3, சனி

காலை எட்டரை பஸ்ஸில் வீரவநல்லூரிலிருந்து அம்பாசமுத்திரம். பள்ளிக்கூட ஹாலில் நான்கு மேசை. மொத்தப் பொறுப்பு காஜா மைதீனுக்கு. கணக்கு வாத்தியார், என்னோடு ஒரே வருடம் ஓய்வு பெற்றவர், நாற்பது வருடப் பழக்கம். அறிவியல் மேசைக்கு நான் தலைமை. என்னோடு மூன்று பேர். அதில் இருவர் போன வருடமும் வந்தவர்கள், சொன்னதைச் செய்கிறவர்கள். மூன்றாவது ஆள் புதிது: எப்சிபா, வேதியியல் ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஊர் அரசுப் பள்ளி.

வழக்கம்போல விடைக்குறிப்பை உரக்கப் படித்தேன். எங்கள் முறை எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்தச் சொல் வந்தால் எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கும். சொல்லைத் தேடு, அடிக்கோடு போடு, மதிப்பெண்ணைப் போடு. ஒரு தாளுக்கு ஏழு நிமிடம். பத்தியை எல்லாம் உட்கார்ந்து வாசித்தால் தீபாவளிக்குத்தான் முடிவு வெளியிட முடியும்.

எப்சிபா கையைத் தூக்கிக் கேட்டார். "சார், விடைக்குறிப்புல இல்லாத காரணத்த ஒரு பிள்ள சரியா எழுதியிருந்தா என்ன செய்ய?"

"சரியா இருந்தா அது விடைக்குறிப்புல இருக்கும் டீச்சர்" என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

இன்று 52 தாள். டீயில் சர்க்கரை அதிகம், நாளை மறுநாள் சொல்ல வேண்டும்.

மே 4, ஞாயிறு

விடுமுறை. கத்திரி தொடங்கிவிட்டது. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் வருவானாம்.

மே 5, திங்கள்

பதினான்காம் கேள்வியில் தகராறு.

கேள்வி இதுதான். தண்ணீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சிறிது நேரத்தில் மெழுகுவர்த்தி அணைகிறது. டம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் ஏறக் காரணம் என்ன? ஐந்து மதிப்பெண். 'ஆக்சிஜன்' என்று வந்தால் இரண்டு, 'ஐந்தில் ஒரு பங்கு' என்று வந்தால் இரண்டு, படத்துக்கு ஒன்று. என் வழிகாட்டியில் 61ஆம் பக்கம்: "எரிதலுக்குப் பயன்பட்ட ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அது காலி செய்த இடத்தை நீர் நிரப்புகிறது." இன்று மட்டும் இந்த வாக்கியத்தை நாற்பது தடவை படித்திருப்பேன்.

எப்சிபா ஒரு தாளை மதிப்பெண் போடாமல் என்னிடம் கொண்டுவந்தார். எண் 217. பெயர், ஊர், பள்ளி எதுவும் தாளில் இருக்காது; எண் மட்டும்தான். அந்தப் பிள்ளை எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"மெழுகுவர்த்தி எரியும்போது தண்ணீர் ஏறவில்லை. அணைந்த பிறகுதான் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததால் ஏறினால், எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். டம்ளரைக் கவிழ்த்தவுடன் ஓரத்தில் குமிழி வந்தது. சூட்டில் காற்று வெளியே போகிறது. பிறகு உள்ளே இருக்கும் காற்று ஆறிச் சுருங்குகிறது, அதனால் தண்ணீர் உள்ளே போகிறது. வீட்டில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தேன். அதிகம் ஏறியது. புத்தகத்தில் ஆக்சிஜன் என்று படித்தேன். ஆனால் நான் பார்த்தது இது."

படம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு இல்லை. ஆக்சிஜன் என்ற சொல் வருகிறது, ஆனால் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு வருகிறது. நான் சுழியம் போட்டு, ஓரத்தில் "புத்தகத்தை நன்கு படிக்கவும்" என்று எழுதினேன்.

"சார், எரிஞ்ச ஆக்சிஜன் எங்க போகும்?" என்று எப்சிபா கேட்டார்.

"எங்க போகும். கார்பன் டை ஆக்சைடு ஆயிரும்."

"அதுவும் வாயுதான சார். அது இடத்த அடைக்காதா?"

"கொஞ்சம் தண்ணில கரையும்."

"அதுக்கு ரொம்ப நேரம் ஆகும்லா சார். தண்ணி சட்டுனு ஏறிருதே."

முப்பத்தோரு வருடமாக வகுப்பில் செய்து காட்டிய சோதனை என்று சொன்னேன். பாட்டிலில் ஐந்து சம கோடு வரைந்து வைத்திருப்பேன், தண்ணீர் வந்து முதல் கோட்டில் நிற்கும், பிள்ளைகள் கை தட்டும் என்றும் சொன்னேன்.

"எத்தன மெழுகுவர்த்தி வச்சு செய்வீங்க சார்?"

"ஒண்ணு. மெல்லிசா இருக்கணும். அதுதான் சரியா வரும்."

"சரியா வரும்னா?"

நான் அடுத்த தாளை எடுத்துக்கொண்டேன். 46 தாள்தான் இன்று. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

மே 6, செவ்வாய்

எப்சிபா இன்று ஒன்றும் கேட்கவில்லை. 58 தாள். மேசையில் பேச்சில்லாமல் இருந்தால் வேலை வேகமாக நடக்கிறது.

மெக்கானிக் வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டான். காற்று இழுக்கிறதாம், வாஷர் மாற்றினான்.

சாயங்காலம் பிரமு டீ போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் புதுப் பெண்ணின் அதிகப்பிரசங்கித்தனத்தைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "சுடுதண்ணில கழுவின டம்ளர ஈரக் கல்லுல கவுத்தி வச்சா ஒட்டிக்கிடும்லா. எடுக்க வராது. உள்ளுக்க தண்ணிய இழுத்து வச்சிருக்கும்" என்றாள்.

அது வேறு, அங்கே மெழுகுவர்த்தியே இல்லை என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். நெருப்பே இல்லையே."

நான் காற்றழுத்தம், எரிதல், ஆக்சிஜன் விகிதம் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். டீ ஆறிப்போனது. "நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் மாவு அரைக்கப் போய்விட்டாள்.

மே 7, புதன்

மத்தியானமே வேலை முடிந்தது. திரும்பும்போது ஒரு டஜன் மெழுகுவர்த்தி வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். கரண்ட் போனால் வேண்டுமே என்றேன்.

சமையலறையில், மூன்றரை மணிக்கு. ஊறுகாய் பாட்டிலில் ஐந்து சம கோடு. மின்விசிறி இல்லை. முடிவு கீழே:

மெல்லிய மெழுகுவர்த்தி ஒன்று: தண்ணீர் முதல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது.
இரண்டு: முதல் கோட்டைத் தாண்டி, இரண்டாம் கோட்டுக்குக் கீழே.
மூன்று: இரண்டாம் கோட்டுக்கு மேலே.

ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தேன். பாட்டிலைக் கவிழ்த்தவுடன் ஓரத்தில் குமிழி வந்தது. எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லை என்று சொல்லலாம். அணைந்ததும் விறுவிறுவென்று ஏறியது. பாட்டில் ஒன்றே, அதற்குள் இருக்கும் ஆக்சிஜனும் ஒரே அளவு. மெழுகுவர்த்தியைக் கூட்டினால் ஆக்சிஜன் கூடாது. சூடுதான் கூடும்.

இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. சமையலறைச் சோதனை பாடப்புத்தகத்துக்கு ஈடாகாது.

ஆனால் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தடித்த மெழுகுவர்த்தி ஒன்றைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போனேன். தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், கூட ஏறிட்டே" என்றான். சோதனைப் பிழை என்று சொல்லி உட்கார வைத்தேன். அடுத்த நாள் மெல்லிய மெழுகுவர்த்தி வாங்கினேன். அன்றிலிருந்து மெல்லியதுதான். இதை நான் மறந்துவிட்டிருந்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிரமு கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?" என்றேன்.

"கேட்டீங்களா?" என்றாள்.

மே 8, வியாழன்

திருத்தப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று காஜாவுக்குப் போன் செய்தேன்.

மே 9, வெள்ளி

நேற்று வயிறு நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எப்சிபா தனியாக இருந்த பெஞ்சுக்குப் போய் என் டப்பாவைத் திறந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கத்திரிக்காய்ப் பொரியலைப் பற்றிப் பேசினேன். பிறகு கேட்டேன்: "நீங்க இத எப்ப கண்டுபிடிச்சீங்க டீச்சர்?"

"நான் எங்க சார் கண்டுபிடிச்சேன். ஒன்பது வருஷம் நானும் ஐந்தில் ஒரு பங்குனுதான் நடத்தினேன். ஒரு நாள் ஒரு பிள்ள, அணைஞ்ச பெறகு ஏன் டீச்சர் ஏறுதுன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன்."

"வகுப்புலயா?"

"வகுப்புலதான். நாப்பது பிள்ளைங்க முன்னால. அப்புறம் எல்லாரும் சேந்து ஒரு வாரம் செஞ்சு பாத்தோம். பாட்டில ஐஸ் தண்ணில வச்சு, வெந்நில வச்சு. பொழுது நல்லாப் போச்சு சார். அந்த வாரம் போர்ஷன் முடிக்கல, எச்.எம். மெமோ குடுத்தாரு."

நானும் மெமோ கொடுத்திருப்பேன். கொடுத்தும் இருக்கிறேன்.

தெரியவில்லை என்று நாற்பது பேர் முன்னால் சொன்னபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "மொதல்ல காது சுட்டுச்சு சார். அப்புறம் லேசாயிட்டு" என்றார். முப்பத்தோரு வருடத்தில் வகுப்பில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வாத்தியார் தெரியவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் மதிக்காது என்று என் வாத்தியார் எனக்குச் சொன்னார். நானும் அதை அப்படியே என் கீழ் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் காஜா பிடித்துக்கொண்டார். "வேலு, கணக்குல ஒரு தாள் அம்பதுக்கு நாப்பத்தொன்பது. தமிழும் நல்லாப் போட்டிருக்கு. ஆனா உம்ம அறிவியல்ல இருபத்திரண்டு. அவுட். பாவமா இருக்கு."

எந்த எண் என்று கேட்டேன். கேட்காமலே எனக்குத் தெரியும். 217.

அறிவியலில் இருபத்தைந்துக்குக் கீழே எடுத்தால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் பட்டியலில் இடமில்லை. ஏழு வருடத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி வாதாடியவன் நான். பாதிகூட வாங்காதவனுக்கு அறிவியல் குரூப் எதற்கு என்று கேட்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

217இன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மதிப்பெண் போதும். ஒன்பதாம் கேள்வியில் கண்ணின் படத்துக்கு ஒன்று கூட்டலாம். பதினொன்றில் அரை அரையாகச் சேர்த்தால் இரண்டு வரும். தலைமைத் திருத்துநர் கையெழுத்து என்னுடையதுதான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பேனாவைத் திறந்துவிட்டேன்.

எப்சிபா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிப் போட்டா அந்தப் பிள்ளைக்கு இடம் கெடைக்கும் சார். நல்லதுதான்" என்றார். பிறகு, "ஆனா அது எழுதின விடை தப்புன்னே இருக்கும்" என்றார்.

பேனாவை மூடிவிட்டேன். அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

மே 10, சனி

இன்றோடு திருத்தம் முடிய வேண்டும். ஆகவே காலையிலேயே கூட்டம் போடச் சொன்னேன். பதினோரு ஆசிரியர்கள், அறக்கட்டளைச் செயலாளர் இசக்கியம்மாள். பேச்சிமுத்துவின் மகள் அவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது என்று அவரே மேடையில் சொல்வார். கடை, வயல், அறக்கட்டளை மூன்றையும் அவர்தான் பார்க்கிறார்.

பையிலிருந்து பாட்டில், தட்டு, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னதும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தடவை செய்து காட்டினேன். நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை முடிந்ததும் இசக்கியம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அணைஞ்ச பெறகுதான ஏறுது" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். "விடைக்குறிப்பு தப்பு. என் புத்தகத்துல 61ஆம் பக்கமும் தப்பு. முப்பத்தோரு வருஷம் நான் நடத்தினதும் தப்பு."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புழுக்கத்தில் என்று யாராவது நினைத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. என் வயதில் இத்தனை பேர் முன்னால் நின்று சொல்ல நேர்ந்ததே என்று அவமானமாக இருந்தது. அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

காஜாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்வே, நீரே இப்படிச் சொன்னா மத்த நானூத்தம்பது பேரு? ஆக்சிஜன்னு எழுதினவங்களுக்குக் கொறைக்கணுமா?"

குறைக்கக் கூடாது என்றேன். நாம் கொடுத்த புத்தகத்தில் இருப்பதை நம்பி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தப்பில்லை. இந்த வருடம் இரண்டு விடைக்கும் மதிப்பெண். ஆனால் பதினான்காம் கேள்வியை 486 தாளிலும் மறுபடி பார்க்க வேண்டும், இந்தத் தடவை சொல்லைத் தேடாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தாளுக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். புத்தகத்துக்குத் திருத்தப் பக்கம் நான் எழுதித் தருகிறேன். இவ்வளவும் சொன்னேன். சமூக அறிவியல் மேசையிலிருந்து ஒருவர், இப்படி ஒன்றை விட்டுக்கொடுத்தால் நாளை பெற்றோர் ஒவ்வொரு கேள்விக்கும் வந்து நிற்பார்கள் என்றார். வரட்டும் என்றார் எப்சிபா.

இசக்கியம்மாள் கேட்டார்: "இதுக்கு முன்னால இந்தக் கேள்வி வந்திருக்கா சார்?"

"மூணு தடவ வந்திருக்கும்மா."

"அந்தத் தாளெல்லாம்?"

"காகித ஆலைக்கு அரவைக்குப் போட்டாச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த மூன்று வருடத்தில் எத்தனை 217 என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுடுதண்ணீர் டம்ளர் விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். "கல்யாணமான புதுசுலயே சொன்னேன்" என்றாள். "அப்பவும் பாடம் எடுத்தீங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா சரின்னு சொன்னா பேச்சு முடிஞ்சிரும். அடுப்புல வேல கெடக்கும்லா" என்றாள். இத்தனை வருடமாக அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

விடுமுறை ரத்து. நாங்கள் நான்கு பேர் மட்டும் வந்தோம். 486 தாளில் பதினான்காம் கேள்வியை மட்டும் வாசிக்கிறோம். இன்று 250 முடிந்தது. 217ஐப் போலவே காரணம் எழுதிச் சுழியம் வாங்கியவர்கள் இதுவரை நான்கு பேர். அதில் இரண்டு சுழியம் நான் போட்டது.

மூன்று மணி வாக்கில் எப்சிபா, "சார், இந்தத் தாள்ல அடிச்சிருக்கத வாசிங்க" என்று ஒன்றை நீட்டினார். எழுதியவரே கோடு போட்டு அடித்த வரிகளை நாங்கள் வாசிப்பதில்லை. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது: அடிக்கப்பட்ட விடை மதிப்பிடப்படாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தேன். கோட்டுக்குக் கீழே, "எரியும்போது ஏறவில்லை, அணைந்த பின்" என்று இருந்தது. அதோடு நிறுத்தி, அடித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து என் வாக்கியம். ஆக்சிஜன், ஐந்தில் ஒரு பங்கு, படம். ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன்.

முடித்து வைத்த கட்டுகளை மறுபடி பிரித்து, அடித்த வரிகளையும் வாசிக்கத் தொடங்கினோம்.

மே 12, திங்கள்

முடிந்தது.

217: பதினான்காம் கேள்விக்கு, படத்துக்கான ஒன்று போக, நான்கு. மொத்தம் 26. "புத்தகத்தை நன்கு படிக்கவும்" என்று நான் எழுதியதைச் சிவப்பு மையிலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். காஜாவின் பட்டியலில் 217 இருபத்திரண்டாம் இடம். அந்தப் பிள்ளை பையனா பெண்ணா, எந்த ஊர் என்று பட்டியல் ஒட்டும்போது தெரியும். நான் போய்ப் பார்க்கப் போவதில்லை. பார்த்து என்ன சொல்வேன். முப்பதாம் இடத்தில் இருந்த 403 ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அதுவும் பாவம், என் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளை. முப்பத்தொன்றாகச் சேர்க்க முடியுமா என்று இசக்கியம்மாளிடம் கேட்டேன். பார்க்கிறேன் என்றார், உறுதி சொல்லவில்லை.

217ஐப் போல எழுதி மதிப்பெண் மாறியவர்கள் மொத்தம் ஏழு பேர்.

சரியாக எழுத ஆரம்பித்து, தாங்களே அடித்துவிட்டு, என் விடையை எழுதியவர்கள் முப்பத்தொரு பேர்.

ஒரு பிள்ளை ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அழகாக அடித்திருந்தது. ஒரு பிள்ளை, கீழே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல, தாள் கிழிகிற அளவுக்குக் கிறுக்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் "எனக்குக் கூட ஏறியது" என்று தெரிந்தது. இன்னொன்று அரைப் பக்கம். குமிழி, சூடு, ஆறுவது எல்லாம் 217ஐவிடத் தெளிவாக எழுதி, பாட்டிலின் படமும் போட்டு, குறுக்கே ஒரே கோடு. கீழே 61ஆம் பக்கம், ஒரு சொல் பிசகாமல். மனம் குளிரும் என்று எழுதினேனே, இதைப் படித்துத்தான் குளிர்ந்திருக்கிறது.

பதிவேட்டில் எண், பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், குறிப்பு என்று நான்கு கட்டம். அந்த ஏழு பேரையும் எப்சிபா எழுதி முடித்தார். மற்றவற்றை எங்கள் மேசையின் மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முப்பத்தொன்றையும் நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. அடியில் எழுதிய விடைக்கு ஏற்கெனவே முழு மதிப்பெண் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றாக எண்ணைப் பார்த்து, குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை.

முப்பத்தொன்றும் எழுதி முடிக்க நாலரை ஆகிவிட்டது.